லண்டன் கறுப்பு டாக்சி: நானூறு ஆண்டு உடன்படிக்கை

லண்டன் தெருவில் கை காட்டி நிறுத்தி ஏறிக்கொள்ள உரிமை பெற்ற வாடகை வண்டி ஒன்றுதான்: கூரையில் மஞ்சள் விளக்கு எரியும் கறுப்பு டாக்சி. வேறெந்த வாடகைக் காரும் முன்பதிவு இல்லாமல் வழியில் நின்று ஆள் ஏற்றினால் அது குற்றம். இந்தத் தனியுரிமைக்கு ஓட்டுநர்கள் கொடுக்கும் விலை பெரிது. நகரின் பல்லாயிரம் தெருக்களை அவர்கள் மனப்பாடமாக அறிந்திருக்க வேண்டும். அதிகாரிகள் வகுத்த அளவுகளுக்குப் பொருந்தும் விலையுயர்ந்த வண்டியைத்தான் ஓட்டலாம். மீட்டர் காட்டுவதற்கு மேல் கேட்கக் கூடாது. ஏற வந்தவர் சொல்லும் இடம் 12 மைலுக்குள் இருந்தால் தக்க காரணமின்றி மறுக்கக் கூடாது. நகரத்துக்கும் ஓட்டுநருக்கும் இடையிலான இந்த உடன்படிக்கை ஒரே சட்டத்தில் பிறந்ததல்ல. நானூறு ஆண்டுகளில், ஒவ்வொரு பூசலுக்கும் ஒரு விதியாகச் சேர்ந்து உருவானது.

லண்டனில் வாடகைக் குதிரை வண்டிகள் 17-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்திலேயே ஓடின. ஆனால் அவை விடுதி முற்றங்களில் காத்திருந்தன. வேண்டியவர் அங்கே போய்த்தான் அமர்த்த வேண்டும். 1634-இல் ஜான் பெய்லி என்ற முன்னாள் கப்பல் தலைவர் நான்கு வண்டிகளை ஸ்ட்ராண்டு சாலையில் இருந்த மேபோல் கம்பத்தருகே நிறுத்தினார். வண்டிக்காரர்களுக்குச் சீருடை கொடுத்தார். எந்த இடத்துக்கு எவ்வளவு என்று கட்டணத்தையும் அறிவித்தார். நகரின் முதல் டாக்சி ஸ்டாண்டு அதுதான். மற்ற வண்டிக்காரர்களும் விரைவில் அங்கே வந்து வரிசையில் நின்றார்கள்.

குறுகிய தெருக்களில் நெரிசல் மிகுந்ததால் மறு ஆண்டே முதலாம் சார்லஸ் மன்னர் இவ்வண்டிகளைக் கட்டுப்படுத்தி ஆணை பிறப்பித்தார். அது பலிக்கவில்லை. மன்னராட்சி வீழ்ந்தபின் வந்த குரோம்வெல்லின் ஆட்சி 1654-இல் வேறு வழியில் போயிற்று. தடை செய்வதை விட்டுவிட்டுத் தொழிலை ஒரு சங்கத்தின் கீழ்க் கொண்டுவந்து, வண்டிகள் 300-க்கு மேல் கூடாது என்று வரம்பு கட்டியது. மன்னராட்சி திரும்பியதும் 1662-இல் 400 உரிமங்கள், 1694-இல் 700 உரிமங்கள் என அந்த வரம்பு நகரத்தோடு சேர்ந்து வளர்ந்தது. உரிமக் கட்டணம் அரசுக்கு வருமானமானது. உரிமம் பெற்றவர்களுக்கோ அது ஏகபோகமானது.

1823-இல் பாரிஸ் நகரிலிருந்து கேப்ரியோலே என்னும் இரு சக்கர இலகு வண்டி வந்து சேர்ந்தது. கனமான பழைய கோச்சுகளைவிட அது விரைவானது, மலிவானது. இன்றும் வழங்கும் ‘கேப்’ என்ற பெயர் அதிலிருந்து வந்ததே. 1830-களில் எண்ணிக்கை வரம்பு நீக்கப்பட்டது. லண்டன் டாக்சியின் தனித்தன்மை இங்கேதான் தொடங்குகிறது. நியூயார்க் போன்ற நகரங்கள் பின்னாளில் உரிமங்களின் எண்ணிக்கைக்கு உச்சவரம்பு வைத்தன. அங்கே உரிமமே பெருவிலைக்கு விற்கும் சொத்தானது. லண்டன் எண்ணிக்கையை அவிழ்த்துவிட்டுத் தரத்தை இறுக்கியது. தேர்ச்சி பெற்ற எவரும் டாக்சி ஓட்டலாம். ஆனால் தேர்ச்சி பெறுவது கடினம்.

1834-இல் ஜோசப் ஹேன்சம் என்ற கட்டடக் கலைஞர் புதிய வண்டி ஒன்றுக்குக் காப்புரிமை பெற்றார். அதை ஜான் சாப்மன் திருத்தியமைத்த பிறகே நாம் படங்களில் காணும் ஹேன்சம் வண்டி உருவானது: இரண்டு பெரிய சக்கரங்கள், முன்பக்கம் திறந்த இருக்கை, பயணிகளுக்குப் பின்னால் உயரத்தில் வண்டிக்காரர். கூரையில் இருந்த சிறு கதவைத் திறந்து அவரிடம் வழி சொல்வார்கள், கூலியும் கொடுப்பார்கள். பெட்டி படுக்கையோடு ரயிலடிக்குப் போகிறவர்கள் நான்கு சக்கர வண்டியை நாடினார்கள். கல்பாவிய தெருவில் அது எழுப்பிய ஓசையால் ‘குரோலர்’, உறுமி, என்று பெயர் பெற்றது.

வண்டிகள் பெருகியதும் புகார்களும் பெருகின. 1843-ஆம் ஆண்டுச் சட்டம் ஓட்டுநர் தம் எண் பொறித்த பேட்ஜை வெளியே தெரியும்படி அணிய வேண்டும் என்றது. 1850-இல் உரிமம் வழங்கும் பொறுப்பு லண்டன் மாநகரக் காவல்துறைக்குப் போயிற்று. அடுத்த 150 ஆண்டுகள் அங்கேயே இருந்தது. 1853-இல் நாடாளுமன்றம் கட்டணத்தை மைலுக்கு ஆறு பென்னி என்று குறைத்தபோது ஓட்டுநர்கள் சில நாள் வண்டிகளை நிறுத்திவிட்டார்கள். 1869-ஆம் ஆண்டுச் சட்டம், உரிமம் இல்லாத வண்டி தெருவில் சவாரி தேடுவதைக் குற்றமாக்கியது. இன்றைய வழக்குகள் வரை அடித்தளமாக நிற்பது இந்த ஒரு விதிதான்.

சட்டங்கள் பயணியைக் காத்த அளவுக்கு ஓட்டுநரைக் காக்கவில்லை. அக்கால வண்டிக்காரர்களில் பெரும்பாலோருக்குச் சொந்த வண்டி கிடையாது. முதலாளியிடம் நாள் வாடகைக்குக் குதிரையும் வண்டியும் எடுப்பார்கள். வாடகைக்கு மேல் வரும் காசுதான் அவர்கள் கூலி. மழை பெய்தால் வருமானம். சீமான்கள் ஊரில் இல்லாத மாதங்களில் பட்டினி. இந்த வாடகைத் தொகை குறித்த சச்சரவு 1894-இல் பெரும் வேலைநிறுத்தமாகி, உள்துறை அமைச்சர் ஆஸ்குவித் நடுவராக இருந்து தீர்த்துவைக்க வேண்டியதாயிற்று.

ஸ்டாண்டில் நிற்கும் வண்டியை விட்டு ஓட்டுநர் அகலக் கூடாது என்பதும் விதி. பனியிலும் மழையிலும் திறந்த இருக்கையில் உட்கார்ந்திருக்க வேண்டும். சூடாக ஏதாவது வேண்டுமென்றால் பக்கத்து மதுக்கடைதான். ‘தி குளோப்’ நாளிதழின் ஆசிரியர் ஜார்ஜ் ஆம்ஸ்ட்ராங் 1875-இல் ஷாஃப்ட்ஸ்பரி பிரபு உள்ளிட்டோரின் துணையோடு ஓட்டுநர் தங்குமிட நிதியம் ஒன்றைத் தொடங்கினார். பச்சை வண்ணம் பூசிய மரக்குடில்கள் ஸ்டாண்டுகளுக்கு அருகே எழுந்தன. பொதுச் சாலையில் நிற்பதால் ஒரு குதிரை வண்டியின் நீள அகலத்தைத் தாண்டக் கூடாது என்பது நிபந்தனை. அந்தச் சிறிய இடத்துக்குள் ஓர் அடுப்பும், பத்துப் பன்னிரண்டு பேர் அமர்ந்து உண்ண மேசையும் பெஞ்சுகளும் அடங்கின. மது, சூதாட்டம், அரசியல் பேச்சு மூன்றுக்கும் தடை. முதல் உலகப்போர் தொடங்கும் வரை 61 குடில்கள் கட்டப்பட்டன, 13 எஞ்சியுள்ளன. அவை பாதுகாக்கப்பட்ட கட்டடங்களாக அறிவிக்கப்பட்டு, இன்றும் ஓட்டுநர்களுக்குத் தேநீரும் சாப்பாடும் வழங்குகின்றன.

குதிரைக்கு மாற்றாக முதலில் வந்தது பெட்ரோல் அல்ல, மின்சாரம். 1897 ஆகஸ்டில் வால்டர் பெர்ஸி என்ற பொறியாளர் வடிவமைத்த மின் வண்டிகள் லண்டனில் வாடகைக்கு ஓடத் தொடங்கின. மோட்டாரின் ரீங்காரத்தைக் கேட்டவர்கள் அவற்றுக்கு ‘ஹம்மிங்பேர்டு’, ரீங்காரச் சிட்டு, என்று பெயர் வைத்தார்கள். அடுத்த மாதமே அவற்றில் ஒன்றின் ஓட்டுநர் குடிபோதையில் பாண்ட் தெருக் கட்டடம் ஒன்றில் மோதினார்; பிரிட்டனில் குடித்துவிட்டு மோட்டார் வண்டி ஓட்டியதற்காகத் தண்டிக்கப்பட்ட முதல் நபர் அவரே. ஆனால் மின் வண்டிகளை வீழ்த்தியது விபத்தல்ல. பேட்டரியின் எடை டயர்களைத் தின்றது; பராமரிப்புச் செலவு வருமானத்தை விழுங்கியது. 1899-க்குள் அவை மறைந்தன.

1903-இல் முதல் பெட்ரோல் டாக்சி வந்தது. பிரான்சில் செய்த புருனெல் கார் அது. 1907-இல் மோட்டார் வண்டிகளுக்கு மீட்டர் கட்டாயமானது. ஜெர்மனியில் உருவான டாக்சிமீட்டர் என்ற இக்கருவிதான் தொழிலுக்கு ‘டாக்சி’ என்ற பெயரையும் கொடுத்தது. எத்தனை மைல் வந்தோம் என்று பயணியும் வண்டிக்காரரும் தெருவில் நின்று சண்டையிட்ட நூற்றாண்டுகளுக்கு அது முடிவு கட்டியது. இந்தத் தொழிலின் வரலாற்றில் இவ்வளவு அமைதியைக் கொண்டுவந்த கருவி வேறில்லை. 1910 வாக்கில் மோட்டார் டாக்சிகள் குதிரை வண்டிகளை எண்ணிக்கையில் முந்தின. ஆனாலும் கடைசிக் குதிரை வண்டி உரிமம் 1947-இல்தான் திருப்பித் தரப்பட்டது.

1906-இல் காவல்துறை வெளியிட்ட வண்டித் தகுதி விதிகளே கறுப்பு டாக்சியின் உருவத்தைச் செதுக்கின. வண்டி 25 அடி விட்டத்துக்குள் முழு வட்டம் அடித்துத் திரும்ப வேண்டும். தரைக்கும் அடிப்பாகத்துக்கும் இடையே பத்து அங்குலம் இடைவெளி வேண்டும். சந்தும் பொந்துமான நகரில், எதிர்ப்பக்கம் கை காட்டுபவருக்காக ஒரே வீச்சில் வண்டியைத் திருப்ப முடிவது பெரும் வசதி. ஆனால் சாதாரணக் கார் எதுவும் இந்த அளவுகளுக்குப் பொருந்தாது. தனியாக வடிவமைத்தால்தான் உண்டு; சந்தையோ சிறிது. ஆகவே டாக்சி செய்யும் நிறுவனங்கள் பின்னாளில் ஓரிரண்டாகச் சுருங்கின, விலையும் உயர்வாகவே இருந்தது. விதிகள் 1920-களின் பிற்பகுதியில் சற்றுத் தளர்த்தப்பட்டன. திருப்பு வட்டம் மட்டும் தளரவில்லை. அதன்பின் ஆஸ்டின் நிறுவனத்தின் வண்டிகள் முன்னணிக்கு வந்தன. இரண்டாம் உலகப்போரில் இரண்டாயிரத்துக்கும் மேற்பட்ட டாக்சிகள் தீயணைப்புப் படைக்குப் போயின. தண்ணீர் இறைக்கும் பம்புகளை இழுத்துக்கொண்டு, குண்டு விழுந்த தெருக்களில் அவை ஓடின.

டாக்சி கறுப்பாக இருக்க வேண்டும் என்று எந்தச் சட்டமும் சொன்னதில்லை. 1948-இல் வெளிவந்த ஆஸ்டின் எஃப்எக்ஸ்3 வண்டியைத் தொழிற்சாலை கறுப்பு நிறத்தில்தான் அனுப்பியது. வேறு நிறம் வேண்டுமென்றால் கூடுதல் பணம். ஓட்டுநர்கள் கொடுத்ததை வாங்கிக்கொண்டார்கள். நகரின் அடையாளமாகவே ஆகிவிட்ட நிறம் இப்படிச் சிக்கனத்தால் வந்தது. 1958-இல் வந்த எஃப்எக்ஸ்4 அடுத்த 39 ஆண்டுகள் உற்பத்தியில் இருந்தது. உலகம் ‘லண்டன் டாக்சி’ என்று மனத்தில் வைத்திருப்பது அந்த வடிவத்தைத்தான். உயர்ந்த கூரை, ஓட்டுநரைப் பிரிக்கும் கண்ணாடித் தடுப்பு, எதிரெதிரே அமரும் மடக்கு இருக்கைகள் என உட்புறம் முழுவதும் பயணியை எண்ணியே அமைந்தது.

1989 முதல் புதிய டாக்சிகள் அனைத்திலும் சக்கர நாற்காலியோடு ஏறும் வசதி கட்டாயமானது. 2000-க்குள் ஓடும் டாக்சிகள் அனைத்துக்கும் அது விரிந்தது. இந்த விதியைப் பற்றி எழுதுபவர்கள் குறைவு. கறுப்பு டாக்சி நகரத்துக்குச் செய்யும் மிகப் பெரிய தொண்டு இதுவே என்று சொல்லலாம். நடக்க இயலாத ஒருவர் முன்பதிவு இல்லாமல், யாரிடமும் வேண்டிக் கேட்காமல், தெருவில் கை காட்டி ஏறிப் போகிறார். உலகின் பெருநகரங்களில் மிகச் சிலவற்றில்தான் இது நடக்கும்.

வண்டியைவிடப் புகழ்பெற்றது ஓட்டுநர் தேர்வு. ‘நாலெட்ஜ்’, அதாவது அறிவு, என்ற ஒற்றைச் சொல்லால் அதைக் குறிப்பிடுகிறார்கள். 1865-இல் அது தொடங்கியதாகக் கொள்வது மரபு. அதற்குச் சில ஆண்டுகள் முன்பு, 1851-இல் நடந்த மாபெரும் கண்காட்சிக்கு வந்த வெளியூர்க் கூட்டம் ஓட்டுநர்களுக்கு வழி தெரியவில்லை என்று குறை கூறியது இதற்கு ஒரு தூண்டுதல் என்பார்கள். நகர மையமான சாரிங் கிராஸிலிருந்து ஆறு மைல் ஆரத்துக்குள் இருக்கும் சுமார் 25,000 தெருக்களும், மருத்துவமனை, நாடகக் கொட்டகை, நீதிமன்றம், விடுதி, சிலை எனப் பல்லாயிரம் இடங்களும் பாடம். ‘நீலப் புத்தகம்’ எனப்படும் கையேட்டில் 320 தடங்கள் உள்ளன. முதல் தடம் மேனர் ஹவுஸ் ரயில் நிலையத்திலிருந்து கிப்சன் சதுக்கம் வரை. தொழிலில் இருக்கும் எவரைக் கேட்டாலும் அதைத் தூக்கத்திலும் ஒப்பிப்பார். ஒவ்வொரு தடத்தின் தொடக்கத்தையும் முடிவையும் சுற்றிக் கால் மைலுக்குள் இருப்பதெல்லாம் தெரிந்திருக்க வேண்டும். 320 வட்டங்கள் ஒன்றோடொன்று கோத்துக்கொள்ளும்போது நகரம் முழுவதும் மனத்தில் விரிகிறது.

படிப்பவர்கள் பெரும்பாலும் சிறிய மோட்டார் சைக்கிளில் சுற்றுவார்கள். கைப்பிடியில் பொருத்திய பலகையில் அன்றைய தடம் இருக்கும். ஞாயிறு காலைகளிலும் வேலை முடிந்த இரவுகளிலும் ஓட்டிப் பார்த்து, வீடு திரும்பிச் சுவரில் ஒட்டிய பெரிய வரைபடத்தில் இரு இடங்களுக்கிடையே நூலை இழுத்துப் பிடிப்பார்கள். நூல் காட்டும் நேர்கோட்டுக்கு மிக அருகில் செல்லும் பாதையே சரியான விடை. பிறகு ஒரு நண்பரை எதிரே உட்காரவைத்துத் தெருப் பெயர்களையும் திருப்பங்களையும் வரிசையாக வாய்விட்டுச் சொல்லிப் பழகுவார்கள். திருக்குறளைத் தலைகீழாய் ஒப்பித்துப் பழகிய தலைமுறைக்கு இந்தப் பயிற்சி முறை அந்நியமாகத் தோன்றாது.

எழுத்துத் தேர்வுக்குப் பின் வருவது நேர்முகம். கோட்டும் டையும் அணிந்து தேர்வாளர் முன் அமர வேண்டும். அவர் இரண்டு இடங்களைச் சொல்வார். அவை எங்கே இருக்கின்றன என்று சொல்லி, ஒருவழிப் பாதைகளையும் தடைகளையும் மதித்து, ஒவ்வொரு தெருவாகப் போய்ச் சேர வேண்டும். முதலில் இந்த நேர்முகம் 56 நாள் இடைவெளியில் நடக்கும். போதிய மதிப்பெண் சேர்ந்தால் 28 நாள், பிறகு 21 நாள் என இடைவெளி சுருங்கும். தொடர்ந்து தவறினால் முந்தைய கட்டத்துக்கே திரும்ப வேண்டும். முழு நகரத்துக்கான பச்சை பேட்ஜ் கிடைக்க மூன்று, நான்கு ஆண்டுகள் ஆவது வழக்கம். தொடங்கியவர்களில் பெரும்பாலோர் முடிப்பதில்லை. புறநகரின் ஒரு பகுதிக்கு மட்டும் செல்லும் மஞ்சள் பேட்ஜும் உண்டு.

இந்தப் பயிற்சி மூளையையே மாற்றுகிறது என்பதை லண்டன் யுனிவர்சிட்டி கல்லூரியின் நரம்பியல் அறிஞர் எலினார் மக்வையரின் ஆய்வுகள் காட்டின. 2000-இல் வெளிவந்த முதல் ஆய்வு, ஓட்டுநர்களின் மூளையில் ஹிப்போகேம்பஸ் பகுதியின் பின்புறம் மற்றவர்களுடையதைவிடப் பெரிதாக இருப்பதைக் கண்டது. இயல்பிலேயே அப்படி அமைந்தவர்கள்தான் இத்தொழிலுக்கு வருகிறார்களோ என்ற ஐயம் எழுந்தது. வரையறுத்த தடங்களில் மட்டும் ஓட்டும் பேருந்து ஓட்டுநர்களோடு ஒப்பிட்டபோதும் வேறுபாடு நின்றது. 2011-இல் வெளிவந்த ஆய்வு கேள்விக்கு நேராக விடை தேடியது: பயிற்சியைத் தொடங்கிய 79 பேரைப் பல ஆண்டுகள் கழித்து மீண்டும் சோதித்தது. தேர்ச்சி பெற்ற 39 பேரிடம் மட்டுமே அப்பகுதி வளர்ந்திருந்தது, கைவிட்டவர்களிடம் வளரவில்லை. வயது வந்தோரின் மூளையும் உழைப்பால் உருமாறும் என்பதற்கு நரம்பியல் பாடநூல்கள் இன்று தரும் சான்றுகளில் இது முதன்மையானது. பள்ளிப் படிப்பை அரைகுறையாக விட்ட பலர் இந்தத் தேர்வை வென்றவர்கள் என்பதை நினைத்தால் அந்த ஆய்வின் மதிப்பு இன்னும் கூடுகிறது.

ஓட்டுநர்கள் பெரும்பாலும் உழைக்கும் வர்க்கத்திலிருந்து வந்தவர்கள். 20-ஆம் நூற்றாண்டின் நடுப்பகுதியில் கிழக்கு லண்டனின் யூதக் குடும்பங்கள் இத்தொழிலில் பெரும் பங்கு வகித்தன. தையற்கூடங்களில் பிறர் கீழ் வேலை செய்தவர்களின் பிள்ளைகளுக்குத் தாமே முதலாளியாக வாழ வழி காட்டியது பேட்ஜ். ஜாக் ரோசந்தால் எழுதி 1979-இல் ஒளிபரப்பான ‘தி நாலெட்ஜ்’ தொலைக்காட்சி நாடகம் இந்த உலகைப் பிரிட்டன் முழுவதும் அறியச் செய்தது. சொந்த வண்டி வைத்திருப்பவர் ‘மஷர்’. புதிதாக பேட்ஜ் வாங்கியவர் ‘பட்டர் பாய்’. பெண்கள் இன்றும் நூற்றுக்கு இரண்டு மூன்று பேர்தான். எவர் வேண்டுமானாலும் எழுதக்கூடிய தேர்வு என்ற பெருமையோடு இந்தக் குறை பொருந்தவில்லை. இரவு வேலை, பாதுகாப்பு, நீண்ட பயிற்சிக் காலம் ஆகியவை தடையாக நிற்பது தெளிவு.

முதல் பெரிய போட்டி 1961-இல் வந்தது. வெல்பெக் மோட்டார்ஸ் என்ற நிறுவனம் ரெனோ டோஃபின் என்னும் சிறிய கார்களை மினிகேப் என்ற பெயரில் இறக்கியது. 1869 சட்டம் தெருவில் சவாரி தேடுவதைத்தான் தடுத்தது. தொலைபேசியில் முன்பதிவு செய்து ஏற்றுவதைப் பற்றி அது பேசவில்லை. டாக்சிக்காரர்கள் மினிகேப்களைச் சூழ்ந்து மறித்தார்கள், கைகலப்புகளும் நடந்தன. அந்த நிறுவனம் நீடிக்கவில்லை, ஆனால் சட்டத்தின் இடைவெளி திறந்தே கிடந்தது. சுமார் நாற்பது ஆண்டுகள் லண்டனில் எவரும் எந்தக் காரையும் உரிமமின்றி மினிகேப்பாக ஓட்டலாம் என்ற நிலை. பயணிகளுக்கு, முக்கியமாக இரவில் தனியே செல்லும் பெண்களுக்கு, இது பெரும் ஆபத்தாக இருந்தது. 1998-இல்தான் தனியார் வாடகைக் கார்களுக்கு உரிமம் கோரும் சட்டம் இயற்றப்பட்டது. 2000-இல் உருவான லண்டன் போக்குவரத்து ஆணையம், காவல்துறையிடமிருந்து டாக்சிப் பொறுப்பை எடுத்துக்கொண்டு இதையும் நடைமுறைப்படுத்தியது.

கைபேசிச் செயலி டாக்சிக்காரர்களைத் தூங்கும்போது பிடித்துவிட்டது என்று சொல்வது சரியல்ல. ஊபர் 2012-இல் லண்டனுக்கு வருவதற்கு முந்தைய ஆண்டே ஹைலோ என்ற செயலி கறுப்பு டாக்சிகளுக்காகத் தொடங்கப்பட்டது. அதன் நிறுவனர்களில் மூவர் டாக்சி ஓட்டுநர்கள். சிக்கல் தொழில்நுட்பத்தில் இல்லை, செலவில் இருந்தது. ஊபர் ஓட்டுநருக்கு நாலெட்ஜ் தேவையில்லை, தனி வண்டி தேவையில்லை, கட்டணத்தையும் நிறுவனமே நிர்ணயித்துக்கொள்ளலாம். திரையில் வண்டியைப் பார்த்து உடனே அழைப்பதற்கும் தெருவில் கை காட்டுவதற்கும் உள்ள வேறுபாடு மெலிந்துபோனது. 2014 ஜூனில் ஆயிரக்கணக்கான டாக்சிகள் மைய லண்டனை நிறுத்திவைத்துப் போராடின. தூரத்தையும் நேரத்தையும் கணக்கிடும் கைபேசியும் மீட்டர்தானே என்ற வாதத்தை 2015-இல் உயர் நீதிமன்றம் ஏற்கவில்லை. 2017-லும் 2019-லும் ஆணையம் ஊபரின் உரிமத்தைப் புதுப்பிக்க மறுத்தது. இருமுறையும் நீதிமன்றம் வழியே நிறுவனம் உரிமத்தை மீட்டது. ஊபர் ஓட்டுநர்களும் இதில் வென்றவர்கள் அல்ல. அவர்களுக்குக் குறைந்தபட்ச ஊதியமும் விடுமுறைச் சம்பளமும் உண்டு என்று உச்ச நீதிமன்றம் 2021-இல் தீர்ப்பளிக்கும் வரை அவர்கள் நீண்ட காலம் வழக்காட வேண்டியிருந்தது.

வழிகாட்டும் செயலி இருக்கும்போது மனப்பாடம் எதற்கு என்ற கேள்வி நியாயமானது. திடீரென அடைபடும் தெரு, முகவரி தெரியாமல் கட்டடத்தின் பெயரை மட்டும் சொல்லும் பயணி, கருவியைத் தட்டாமலே உடனே கிளம்ப வேண்டிய அவசரம் ஆகியவற்றில் மனப்பாடத்துக்கு மேன்மை இன்றும் உண்டு. ஆனால் அந்த மேன்மைக்காக மட்டும் நான்கு ஆண்டு உழைப்பைக் கேட்பது கடினம். நாலெட்ஜின் இன்னொரு பயன் அதிகம் பேசப்படுவதில்லை: இவ்வளவு பாடுபட்டுப் பெற்ற பேட்ஜை எளிதில் பறிகொடுக்க எவரும் துணிவதில்லை. பயணி நம்பி ஏறுவதற்கு அது ஒரு பிணை.

2018 ஜனவரி முதல் தேதியிலிருந்து லண்டனில் புதிதாக உரிமம் பெறும் டாக்சி, புகையின்றி ஓடும் திறன் கொண்டிருக்க வேண்டும். கறுப்பு டாக்சிகளைத் தயாரித்துவந்த பழைய நிறுவனம் 2012-இல் நொடித்துப்போய், மறு ஆண்டு சீனாவின் ஜீலி நிறுவனத்தின் கைக்கு மாறியிருந்தது. கோவென்ட்ரி நகரருகே புதிய ஆலை கட்டி, அது மின்சாரத்தில் ஓடும் டிஎக்ஸ் வண்டியை வெளியிட்டது. பேட்டரி மட்டும் சுமார் 70 மைல் தரும். அதற்கு மேல் சிறிய பெட்ரோல் எஞ்சின் மின்சாரம் உண்டாக்கித் துணை நிற்கும். பெர்ஸி தோற்ற இடத்தில் இது வென்றது. இன்று லண்டன் டாக்சிகளில் பாதிக்கு மேல் இத்தகையவை. ஆனால் வெளிவந்தபோதே விலை 55,000 பவுண்டுக்கு மேல். மானியம் போக மிச்சக் கடனைக் கட்டுபவர் ஓட்டுநர். அதே காலத்தில் பழைய டீசல் வண்டிகளின் ஆயுள் வரம்பும் 15 ஆண்டிலிருந்து 12 ஆண்டாகக் குறைக்கப்பட்டது. ஓய்வை நெருங்கிய பலர் புதுக் கடன் வாங்குவதற்குப் பதில் பேட்ஜைத் திருப்பிக் கொடுத்தார்கள். கொரோனா ஊரடங்கு மேலும் பலரை வெளியேற்றியது.

2014-ஐ ஒட்டிய ஆண்டுகளில் 25,000 அளவில் இருந்த டாக்சி ஓட்டுநர்கள் பத்தாண்டுக்குள் 20,000-க்குக் கீழே இறங்கினார்கள். தனியார் வாடகைக் கார் ஓட்டுநர்கள் ஒரு லட்சத்தைத் தாண்டிவிட்டார்கள். 2023 நவம்பரில் ஊபர் தன் செயலியில் கறுப்பு டாக்சிகளையும் சேர்ப்பதாக அறிவித்தது. டாக்சி ஓட்டுநர் சங்கம் எதிர்ப்புத் தெரிவித்தது. நகரம் ஓட்டுநர் மேல் வைத்திருக்கும் கடமைகள் அப்படியே நிற்கின்றன. பதிலுக்குத் தந்த தனியுரிமைதான் சுருங்கிவிட்டது. கட்டணத்தை ஆண்டுதோறும் மறுபரிசீலனை செய்யும் ஆணையமும், வண்டிக்கான மானியத்தைத் தீர்மானிக்கும் அரசும் இந்தச் சமமின்மையை எப்படிச் சரிசெய்கின்றன என்பதைப் பொறுத்தே இனி நாலெட்ஜ் எழுத எத்தனை பேர் வருவார்கள் என்பது அமையும்.